புதைகுழித் துணியில் எது உறுதி, எது ஊகம்

ஓர் அருங்காட்சியகத்தில், பழைய புதைகுழியிலிருந்து எடுத்த, கட்டைவிரல் நகத்தளவே உள்ள பழுப்புத் துணித் துண்டு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் கீழே இருந்த அட்டையில் ‘உயர்குடிப் பெண்ணின் சிவப்புக் கம்பளி ஆடை’ என்று எழுதியிருந்ததாம். கண்ணுக்குத் தெரிந்த துண்டில் சிவப்பும் இல்லை, ஆடையின் வடிவமும் இல்லை. பிறகு எதை வைத்து இப்படி எழுதுகிறார்கள், எவ்வளவு அறிவியல், எவ்வளவு கற்பனை என்று கேட்கிறீர்கள். அந்த அட்டையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். தொல்துணிகளைப் பாதுகாத்து ஆராயும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். அந்தத் துண்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் போன்ற பலவற்றைப் பார்த்திருக்கிறேன் என்பதால் பதில் சொல்ல முயல்கிறேன்.

அட்டையில் ஐந்து சொற்கள்: உயர்குடி, பெண், சிவப்பு, கம்பளி, ஆடை. ஐந்தும் ஒரே எழுத்தில் அச்சாகியிருப்பதால் ஐந்தும் ஒரே அளவுக்கு உறுதியானவை என்று படிப்பவருக்குத் தோன்றும். அப்படி இல்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, அந்தத் துண்டைப் பற்றி மிக உறுதியாகச் சொல்லக்கூடிய செய்தி அட்டையில் இடம்பெறவே இல்லை என்பது. அதுதான் நெசவு. சாதாரண நுண்ணோக்கியில், பத்து மடங்கு பெரிதாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும். பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) தனித்தனியே எழுந்து நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று மாறி மாறி ஏறி இறங்குகிறதா, இரண்டிரண்டாகத் தாவிச் சாய்வரி போடுகிறதா, சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, நூல் ஒற்றையா இரட்டையா, முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையெல்லாம் எண்ணியும் அளந்தும் எழுதிவிடலாம். வேறொருவர் நாளை எண்ணினாலும் அதே விடைதான் வரும். துணி முழுவதும் மட்கி, மண்ணிலோ உலோகத்திலோ வெறும் தடமாக நின்றாலும் இவற்றில் பெரும்பகுதியைப் படிக்க முடியும்.

முறுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூலை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் அதன் புரிகள் ஆங்கில எழுத்து ‘எஸ்’ஸின் நடுக்கோடு போலச் சாயும், அல்லது ‘இஸட்’டின் நடுக்கோடு போலச் சாயும். நூற்பவர் தக்களியை (நூல் நூற்கும் கைக்கதிரை) எந்தப் பக்கம் சுழற்றக் கற்றாரோ அந்தப் பக்கம்தான் வாழ்நாள் முழுவதும் சுழற்றுவார். ஒரு வட்டாரமே அப்படிச் சுழற்றும். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் கிடைத்த துணிகளில் இது நன்றாகத் தெரிந்தது. எகிப்தின் வழக்கம் எஸ் முறுக்கு. அங்கே கிடைத்த இஸட் முறுக்குப் பருத்தித் துணிகளை இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவையாகக் கருதுகிறார்கள். நல்ல வாதம், நானும் ஏற்கிறேன். ஆனால் இது பேச்சுவழக்கை வைத்து ஒருவரின் ஊரைச் சொல்வது போன்றது. நூறு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பொருந்தும். கையில் ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஊரைச் சொல்லக் கூடாது. நூற்றவர் இடம் பெயர்ந்திருக்கலாம், நூல் மட்டும் பயணப்பட்டிருக்கலாம்.

ஒருமுறை என் மேசைக்கு ஒரு வெண்கல வளையல் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அதன் அலங்காரக் கோடுகள் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாதியைத் துலக்கிப் பளபளப்பாக்கியிருந்தார்கள். மறுபாதியில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது. விளக்கைத் தாழ்த்திச் சாய்த்தபோது களிம்பின் மேல் கட்டம் கட்டமாக வரிகள் எழுந்தன. சென்டிமீட்டருக்குப் பாவில் 14 இழை, ஊடையில் 11. ஓரிடத்தில் மட்டும் வரிசை குலைந்திருந்தது. சற்றுத் தடித்த வேறொரு நூல் நான்கு இழைகளைத் தாண்டிக் கீழே போய், மீண்டும் மேலே வந்து, பக்கத்திலேயே திரும்பியிருந்தது. தறியில் அப்படி நேராது. கிழிந்த இடத்தில் ஊசியால் இழையோட்டிச் சரிசெய்திருக்கிறார்கள். அந்தத் துணி புதைப்பதற்காகவே புதிதாக நெய்யப்பட்டதல்ல, யாரோ உடுத்தியோ போர்த்தியோ கிழித்து, கிழிந்தது பொறுக்காமல் தைத்து வைத்தது என்று அன்று என்னால் உறுதியாக எழுத முடிந்தது. துலக்கிய பாதியில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வளையலைச் சுத்தம் செய்தவர் தவறான எண்ணத்தில் செய்யவில்லை. அக்காலத்தில் களிம்பு என்றால் அழுக்கு. எங்கள் துறை இழந்தவற்றில் ஒரு பெரும்பகுதி இப்படித் துலக்கும் தூரிகையில்தான் போயிற்று.

களிம்பு எப்படித் துணியைக் காக்கிறது என்றால், செம்பின் உப்புகள் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. செம்போ வெண்கலமோ பட்ட இடத்தில் துணியைத் தின்ன அவை அண்டாது. இழை கொஞ்சமாவது உயிர்ப்பொருளாகவே தங்கும். இரும்பு வேறு விதமாக வேலை செய்யும். துரு இழையின் மேல் படிந்து உறைபோல இறுகிவிடும், அல்லது இழையின் உள்ளே புகுந்து அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். கடைசியில் இழை இருக்காது, இழையின் வார்ப்பு இருக்கும். பலூசிஸ்தானில் உள்ள மெஹர்கரில் புதிய கற்காலப் புதைகுழி ஒன்றில் கிடைத்த செப்பு மணியின் துளைக்குள் இப்படித்தான் சில பருத்தி இழைகள் எஞ்சியிருந்தன. கி.மு. 6ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. மணியைக் கோத்த நூலின் மிச்சம் அது. பருத்தி என்பது உறுதி. பயிரிட்ட பருத்தியா, காட்டில் பறித்ததா என்பதை அந்த இழைகளை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ‘அன்றே பருத்தி ஆடை நெய்தார்கள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மணிக்குள் இருந்தது நூல், துணி அல்ல.

உலோகம் படாத இடங்களில் எது மிஞ்சும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. கம்பளியும் பட்டும் புரதம். அமிலத்தன்மை உள்ள ஈர மண்ணில், காற்றுப் புகாவிட்டால், அவை தாக்குப்பிடிக்கும், காரம் அவற்றைக் கரைக்கும். பருத்தியும் ஆளிச்செடி நாரான லினனும் செல்லுலோஸ், அவற்றுக்கு நேர்மாறு. பாலைவன வறட்சியிலும் உறைபனியிலும் இரண்டுமே பிழைக்கும். அல்தாய் மலையில் பஸிரிக் குழியில் 1949இல் தொல்லியலாளர் ருடென்கோ எடுத்த முடிச்சுக் கம்பளம் பனிக்கட்டிக்குள் இருந்ததால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறத்தோடு வந்தது. டென்மார்க்கில் எக்ட்வெட் என்ற இடத்தில் 1921இல் ஒரு மண்மேட்டைத் திறந்தபோது, கி.மு. 1370இல் வெட்டிய ஓக் மரச் சவப்பெட்டிக்குள் ஓர் இளம்பெண்ணின் கம்பளி மேற்சட்டையும் கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடையும் கிட்டத்தட்ட முழுமையாக இருந்தன. எலும்புகள் கரைந்துபோயிருந்தன. தலைமுடி, நகம், பல்லின் எனாமல், மூளையின் எச்சம், கொஞ்சம் தோல் மட்டும் மிச்சம். அமில நீரின் வேலை அது. அதே நீர் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கக்கூடிய எந்த லினன் துணியையும் தடமின்றி அழித்திருக்கும். ‘வெண்கலக் காலத்து டென்மார்க்கில் எல்லோரும் கம்பளியே உடுத்தினார்கள்’ என்று யாராவது சொன்னால், அதைச் சொல்வது மக்கள் அல்ல, மண் என்று நான் எப்போதும் பதில் சொல்வேன். அதே நாட்டில் ஹுல்டெரமோஸ் சதுப்பில் 1879இல் கிடைத்த பெண்ணின் உடலில், கம்பளி உடைகளுக்கு அடியில் தோலின் மேல் பதிந்திருந்த தடத்தையும் சில நார்களையும் வைத்துத்தான் உள்ளே தாவர நார் ஆடை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் கண்டுகொண்டார்கள்.

இப்போது ‘கம்பளி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல அடுக்குகள் இருக்கும். அவை தெரிந்தால் விலங்கு ரோமம் என்பதில் சந்தேகமில்லை. செம்மறியா வெள்ளாடா என்பது செதில் தேய்ந்த பழைய இழையில் கண்ணுக்குப் பிடிபடாது. புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்து அவற்றின் எடையை அளக்கும் முறையில் இப்போது பெரும்பாலும் பிரித்துவிட முடிகிறது. உங்கள் அட்டையில் உள்ள ஐந்து சொற்களில் நான் முதலில் நம்புவது இதைத்தான். தாவர நார் என்று எழுதியிருந்தால் இவ்வளவு எளிதில் நம்பியிருக்க மாட்டேன். டென்மார்க்கின் லூஸெஹோய் மேட்டில், எரித்த எலும்புகளைச் சுற்றி வெண்கலக் கலத்துக்குள் வைத்திருந்த துணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வெளிவந்த ஆய்வு, இழையின் உள்நுண்புரி சாயும் திசையையும் நாரோடு ஒட்டியிருந்த படிகங்களையும் பார்த்து, அது தொட்டால் அரிக்கும் காஞ்சொறி போன்ற நெட்டில் செடியின் நார் என்று காட்டியது. துருக்கியின் சாத்தல்ஹூயுக்கில் வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்தவர்களோடு கிடைத்த, ஏறக்குறைய 8500 ஆண்டு பழமையான துணிகளைக் கம்பளியா லினனா என்று அறுபது ஆண்டுகளாக விவாதித்தார்கள். 2021இல் மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஓக் மரப்பட்டையின் உள்நார். இரண்டு தரப்புமே தவறு. இந்தச் செய்தியைப் படித்த வாரம் என் பழைய குறிப்பேடுகளை எடுத்து, ‘லினன்’ என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. நான்கில் என்னிடம் இருந்த ஆதாரம் ‘பார்த்தால் லினன் போல இருக்கிறது’ என்பதுதான். அவற்றை ‘தாவர நார், வகை தெரியவில்லை’ என்று திருத்தினேன்.

சிவப்பு இன்னும் சிக்கலானது. மண்ணுக்குள் எல்லாத் துணியும் பழுப்பாகிவிடும். இரும்புத் துரு ஏறியது சிவப்பாகவே தெரியும். கண்ணால் பார்த்து நிறம் சொல்வதில் பயனில்லை. சில மில்லிகிராம் நூலை எடுத்துக் கரைத்து, நிறமூலக்கூறுகளைப் பிரித்தறியும் கருவியில் ஓட்ட வேண்டும். அலிஸரின், பர்ப்புரின் போன்றவை கிடைத்தால் மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம். அவற்றின் விகிதம் எந்த வகைச் செடி என்பதற்கும் குறிப்புத் தரும். ஹுல்டெரமோஸ் பெண்ணின் உடைகள் நூறாண்டுகளுக்கு மேலாகப் பழுப்பு என்றே கருதப்பட்டவை. சாயச் சோதனைதான் பாவாடை நீலமாகவும் கழுத்துத் துணி சிவப்பாகவும் இருந்தன என்று காட்டியது. ஆனால் இரண்டு எல்லைகளை மறக்கக் கூடாது. நீல மூலக்கூறு கிடைத்தால் அது அவுரியிலிருந்து வந்ததா, ஐரோப்பிய வோட் செடியிலிருந்து வந்ததா என்று அந்த மூலக்கூறே சொல்லாது. இரண்டிலும் அது ஒன்றுதான். அடுத்து, எதுவும் கிடைக்கவில்லை என்றால் சாயம் போடவில்லை என்று பொருளல்ல. நீரில் கரைந்து போயிருக்கலாம். மஞ்சள் சாயங்கள் அப்படி எளிதில் காணாமல் போகும். ஆகவே உங்கள் அட்டையின் ‘சிவப்பு’, சோதனைக்குப் பிறகு எழுதப்பட்டிருந்தால் நல்ல உறுதி. இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். சோதனை நடந்தும்கூட, எந்த அளவு சிவப்பு, அடர்ந்ததா வெளிறியதா என்பது நமக்குத் தெரியாது.

‘ஆடை’ என்ற சொல் பார்க்க எளிமையாக இருக்கும்; நான் மிகவும் தயங்குவது அங்கேதான். புதைகுழியில் துணி பல வேலை செய்யும். உடலைச் சுற்றும், தலைக்கு அடியில் மடித்து வைக்கப்படும், சுவரில் தொங்கும், பொருள்களைப் பொதியும். ஜெர்மனியின் ஹோக்டோர்ஃபில் கி.மு. 6ஆம் நூற்றாண்டுத் தலைவன் ஒருவனின் அறையில் பொருள்களும்கூடத் துணியால் போர்த்தப்பட்டிருந்தன. லூஸெஹோய்த் துணி எலும்பைப் பொதிந்தது. நகத்தளவுத் துண்டு ஆடையா என்று சொல்ல அது உடலின் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எந்த அடுக்குக்கு மேல் கிடந்தது என்ற அகழாய்வுக் குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் தையலோ மடிப்போ பொத்தானிடமோ வேண்டும். அப்படிப்பட்ட சான்று எவ்வளவு பேசும் என்பதற்கு எகிப்தின் தர்கான் சட்டையைச் சொல்வேன். 1913இல் தொல்லியலாளர் பெட்ரி அங்கே தோண்டியபோது வந்த அழுக்குத் துணிப் பொதியை 1977இல் லண்டனில் பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளே மடிப்பு வைத்த லினன் மேற்சட்டை இருப்பது தெரிந்தது. முழங்கையிலும் அக்குளிலும் உடுத்திப் பழகிய சுருக்கங்கள். உட்புறம் வெளியே திரும்பி, தலைவழியாகக் கழற்றிய மாதிரியே கிடந்தது. கார்பன் கணிப்பு கி.மு. 3482க்கும் 3102க்கும் இடையில் என்று சொல்கிறது. அதை உயிருள்ள ஒருவர் உடுத்தினார் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

பெண், உயர்குடி என்ற இரண்டு சொற்களையும் துணியால் தர முடியாது. பாலினத்தை எலும்போ மரபணுவோ சொல்ல வேண்டும். முன்பெல்லாம் குழியில் வாள் இருந்தால் ஆண், ஊசியும் மணியும் இருந்தால் பெண் என்று எழுதிவிடுவார்கள். ஸ்வீடனின் பிர்காவில் 1878இல் தோண்டிய ஆயுதக் குழியில் இருந்தவர் நூற்றாண்டுக்கும் மேலாக ஆணாகவே எழுதப்பட்டார். 2017இல் மரபணு அவரைப் பெண் என்றது. தகுதியைப் பொறுத்தவரை, நெருக்கமான நெசவு என்றால் நிறைய உழைப்பு என்று சொல்லலாம், அது உண்மை. நெய்வதைவிட நூற்பதற்கே அன்று பல மடங்கு நேரம் பிடித்தது. ஆனால் அந்த உழைப்பு இறந்தவரின் செல்வமா, உறவினர்களின் அன்பா, ஊரார் சேர்ந்து கொடுத்ததா என்பது இழை எண்ணிக்கையில் தெரியாது. சீனாவின் மாவாங்துயில் 1972இல் திறந்த குழியில் 49 கிராம் மட்டுமே எடையுள்ள மெல்லிய பட்டு அங்கி கிடைத்தது. அதன் சொந்தக்காரி பிரபு குடும்பத்தவள் என்று நாம் உறுதியாகச் சொல்வது கூடவே முத்திரைகள் கிடைத்ததால். ஹோக்டோர்ஃப் தலைவனின் பொன் அணிகளில் சில புதைப்பதற்காகவே செய்யப்பட்டவை. இறந்தவரை இருப்பவர்கள் அலங்கரித்தது நமக்குக் கிடைக்கிறது. அவர் நேற்று என்ன உடுத்தியிருந்தார் என்பது பல நேரங்களில் கிடைப்பதில்லை.

கருவிகள் வந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எக்ட்வெட் பெண்ணின் பல், முடி, நகம், உடை ஆகியவற்றில் இருந்த ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளை (வளர்ந்த நிலத்தின் மண், நீர் வழியாக உடலில் சேரும் தனிம வகைகளை) அளந்து, அவள் டென்மார்க்கில் பிறந்தவள் அல்ல, தெற்கு ஜெர்மனியிலிருந்து வந்திருக்கலாம் என்று 2015இல் அறிவித்தார்கள். உலகெங்கும் செய்தியானது. 2019இல் வேறு இரு ஆய்வாளர்கள், ஒப்பிடப் பயன்படுத்திய இன்றைய நீரின் அளவுகள் வயல்களில் இடும் சுண்ணாம்பால் மாறியவை என்றார்கள். சுண்ணாம்பு படாத இடங்களை எடுத்தால் அவள் உள்ளூர்க்காரியாகவே இருக்கலாம் என்றார்கள். முதல் குழு அதை ஏற்கவில்லை. அளவீடு சரி, சண்டை எதனோடு ஒப்பிடுவது என்பதில். நான் இரண்டாம் தரப்பின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் வேதியியல் என் துறையல்ல என்பதால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவளோடு வைத்திருந்த பூவை வைத்துக் கோடையில் புதைத்தார்கள் என்று சொல்வதை மட்டும் தயக்கமின்றி ஏற்கிறேன்.

இந்தச் சோதனைகளில் பலவும் துணியின் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நகத்தளவுத் துண்டிலிருந்து கார்பனுக்குக் கொஞ்சம், சாயத்துக்குக் கொஞ்சம், புரதத்துக்குக் கொஞ்சம் என்று எடுத்தால் மிஞ்சுவது என்ன? நான் வழக்கமாக நெசவை வரைந்து, படமெடுத்து, இழை எண்ணி முடிக்கும் வரை யாருக்கும் ஒரு நூல்கூடத் தருவதில்லை. அதன் பிறகும் எல்லாச் சோதனைகளையும் ஒரே தலைமுறையில் செய்துவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சாத்தல்ஹூயுக் துண்டுகளை யாராவது முழுவதுமாகச் செலவழித்திருந்தால் மரப்பட்டை நாரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

உங்கள் துண்டுக்கு அட்டை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தால், ‘சாய்வரி நெசவு’ அல்லது ‘சாதா நெசவு’ என்று தொடங்கி, இழை எண்ணிக்கை, கம்பளி, சாயச் சோதனையின் முடிவு, குழியில் அது எதன் மேல் ஒட்டியிருந்தது என்பவற்றை எழுதுவேன். கூடவே, எலும்பாய்வு நடந்திருந்தால் பாலினத்தைத் தனி வரியில் தருவேன். அடுத்த முறை அங்கே போகும்போது துண்டின் ஓரங்களைக் குனிந்து பாருங்கள். அருங்காட்சியகங்கள் துணி இருக்கும் பெட்டியில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்திருக்கும், அதனால் கண் பழக ஓரிரு நிமிடம் எடுக்கும். ஏதாவது ஓர் ஓரத்தில் இழைகள் அறுந்து நில்லாமல் வளைந்து திரும்பி உள்ளே போவது தெரிந்தால் அது தறியில் அமைந்த கரை. கரை இருந்தால், பாவு எது, ஊடை எது என்று உறுதியாகத் தெரிந்துவிடும், எந்த வகைத் தறி என்றுகூடச் சொல்லும் வாய்ப்பு உண்டு. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் இங்கேயே எழுதுங்கள், ஆவலோடு காத்திருப்பேன்.